வாயே ரெபோ: இந்தோனேசியாவின் ஏழு வீட்டு மலையூர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளோரெஸ் தீவுக்குப் போகிற பெரும்பாலோர் பக்கத்துத் தீவில் கொமோடோ உடும்பைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மேற்கு ஃப்ளோரெஸின் மலைக்காட்டுக்குள் கூம்புக் கூரை வீடுகளோடு இருக்கும் வாயே ரெபோவின் படத்தை எங்கேயாவது பார்த்தவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி எழும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை கடைசியில்.

வாயே ரெபோ எங்கே இருக்கிறது? பாலிக்குப் பக்கமா?

பக்கம் என்று சொல்ல முடியாது. பாலிக்குக் கிழக்கே லொம்போக், சும்பாவா ஆகிய இரண்டு பெரிய தீவுகளைத் தாண்டினால் ஃப்ளோரெஸ் வருகிறது. கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தைச் சேர்ந்த தீவு அது. மாகாணத் தலைநகர் கூப்பாங் இருப்பதோ திமோர் தீவில். ஃப்ளோரெஸின் மேற்குப் பகுதி மங்கராய் மக்களின் நாடு. அங்கே ரூத்தெங் என்ற மலை நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மங்கராய் மாவட்டத்தின் தென்கோடியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் காடு சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் வாயே ரெபோ இருக்கிறது.

அது தனிக் கிராமமா, குக்கிராமமா? எவ்வளவு பெரியது?

நிர்வாகக் கணக்கில் குக்கிராமம்தான். இந்தோனேசியாவில் ஊராட்சி அளவிலான அலகுக்கு 'தேசா' என்று பெயர். நாடு முழுவதும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேசாக்கள் இருக்கின்றன. 2014இல் வந்த கிராமச் சட்டத்துக்குப் பிறகு அவற்றுக்கு மத்திய நிதி நேரடியாகப் போகிறது. சத்தார் லெந்தா என்ற தேசாவுக்குள் அடங்கிய ஒரு 'கம்போங்'தான் வாயே ரெபோ. நம் பேச்சில் சொன்னால் ஊராட்சிக்கு உட்பட்ட சிற்றூர்.

அளவும் அப்படித்தான். ஒரு புல்வெளி முற்றம், அதைச் சுற்றி அரைவட்டமாக ஏழு பெரிய வீடுகள், முற்றத்தின் நடுவே கல்லடுக்கிய வட்ட மேடை. அந்த மேடைக்குச் 'சோம்பாங்' என்று பெயர். முன்னோர்களும் ஊரைக் காக்கும் ஆவிகளும் அங்கே இருப்பதாக நம்பிக்கை. உட்கார வசதியாகத் தெரிகிறதே என்று அதன் மேல் ஏறிவிடக் கூடாது.

அந்தக் கூம்பு வீட்டுக்குள் என்னதான் இருக்கிறது? படத்தில் கதவும் கூரையும் மட்டுமே தெரிகின்றன.

இந்த வீட்டுக்கு 'ம்பாரு நியாங்' என்று பெயர். வட்ட வடிவத் தரைத்தளம். அதிலிருந்து ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்துக்கு எழும் கூம்பு. சுவர் என்று தனியாக எதுவும் கிடையாது. கூரையே தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கி வந்து சுவராகவும் நிற்கிறது. ஆணி கிடையாது. மரச் சட்டங்களையும் மூங்கிலையும் பிரம்பால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் தர்ப்பை இனப் புல்லும் பனை நாரும் வேய்கிறார்கள்.

உள்ளே ஐந்து அடுக்குகள். கீழே இருப்பது லுத்தூர். மனிதர்கள் வாழும் தளம். அதற்கு மேல் லோபோ, அன்றாட உணவுப் பொருளும் தட்டுமுட்டுச் சாமானும் வைக்க. மூன்றாவது லெந்தார், அடுத்த விதைப்புக்கான விதைகளுக்கு. நான்காவது லெம்பா ராயே, விளைச்சல் பொய்த்தால் எடுத்துக்கொள்ளச் சேமிக்கும் தானியத்துக்கு. உச்சியில் ஹெகாங் கோடே, முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் சிறு தட்டு. இன்று தின்பது, நாளை விதைப்பது, பஞ்சத்துக்கு ஒதுக்கியது, மூதாதையருக்கு உரியது என்று மேலே போகப் போக அடுக்குகள் பொறுமை கூடிக்கொண்டே போகின்றன. ஒரு விவசாயக் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு முழுவதையும் செங்குத்தாக நிறுத்திவைத்த இந்த யோசனைதான் எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது.

வாழும் தளத்தில் முன்பாதி பொது இடம். பாய் விரித்து எல்லோரும் உட்காருகிற, விருந்தினரை உட்கார வைக்கிற இடம். பின்பாதி குடும்பவாரியாகத் தடுக்கப்பட்ட சிறு அறைகள். ஒரு வீட்டில் ஆறு முதல் எட்டுக் குடும்பங்கள் வரை வாழும்.

இவ்வளவு புல்லை வேய்ந்துவிட்டு உள்ளேயே அடுப்பு எரிக்கிறார்களாமே, தீப்பிடிக்காதா?

பயம் நியாயமானது, அதனால்தான் அடுப்பை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. ஆனால் அந்தப் புகை இல்லாமல் கூரை நெடுநாள் நிற்காது. ஆண்டில் பாதி நாள் மழையும் மீதி நாள் மூடுபனியுமாக இருக்கும் மலை அது. அடுப்பின் வெப்பமும் புகையும் மேலே ஏறி ஐந்து அடுக்கையும் ஊடுருவிப் போகும்போது புல்லின் ஈரம் காய்கிறது, பூச்சி அண்டுவதில்லை, மேலே வைத்த விதையும் கெடுவதில்லை. கட்டுக் கயிறுகளும் பரண் மூங்கிலும் கன்னங்கரேலென்று பளபளப்பதை உள்ளே போனவர்கள் அண்ணாந்து பார்த்தால் காணலாம். உங்கள் துணிமணியிலும் அந்த வாசம் சில நாட்கள் இருக்கும்.

ஏன் ஏழு வீடு? ஜனம் பெருகினால் எட்டாவது கட்டலாமே?

முன்னோர் வகுத்த எண் ஏழு. அதை மாற்றுவதில்லை என்பது ஊரின் முடிவு. ஏழில் தலைமையானது நியாங் கெண்டாங், அதாவது முரசு வீடு. ஊரின் முரசுகளும், கொங்கு எனப்படும் உலோகத் தட்டு வாத்தியங்களும், குலப் பொருட்களும் அங்கேதான் இருக்கின்றன. சடங்குகளும் ஊர்க்கூட்டமும் அங்கேதான் நடக்கின்றன. மற்ற ஆறும் அதைவிடச் சற்றுச் சிறியவை.

ஜனம் பெருகத்தான் செய்தது. பெருகியவர்கள் மலைக்குக் கீழே கோம்போ என்ற ஊரில் சாதாரண வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். மலையூர் மக்களைச் சமவெளிக்கு இறக்கும் அரசின் முயற்சியும் அதற்கு ஒரு காரணம். வாயே ரெபோவும் கோம்போவும் ஒரே சமூகத்தின் இரண்டு ஊர்கள். அறுவடைக்கும் சடங்குக்கும் மேலே, பள்ளிக்கும் சந்தைக்கும் கீழே என்று ஒரே குடும்பம் இரண்டு இடத்திலும் இருக்கும். மேலே உள்ள வாயே ரெபோவை மட்டும் பார்த்துவிட்டு ஊரைத் தெரிந்துகொண்டதாக நினைப்பது பாதி உண்மைதான்.

அந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள்?

அவர்கள் சொல்லும் வரலாறு எம்போ மாரோ என்ற மூதாதையிலிருந்து தொடங்குகிறது. சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து கடல் வழியே கிளம்பி, சுலவெசியின் கோவா வழியாக ஃப்ளோரெஸ் கரையேறி, மங்கராயில் ஊர் ஊராக இடம் பெயர்ந்து, கடைசியில் கனவில் வந்த கட்டளைப்படி இந்தப் பள்ளத்தாக்கில் நிலைத்தார் என்கிறார்கள். அவருக்குப் பிறகு ஏறத்தாழ இருபது தலைமுறைகள் ஆகிவிட்டன என்பது ஊரார் கணக்கு. ஏழு வீடுகளில் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்த அலைச்சலில் ஒரு சமயம் பகைவர்களிடமிருந்து இரவோடு இரவாகத் தப்ப வேண்டியிருந்ததாம். அப்போது வழிகாட்டியது ஒரு மரநாய். அதனால் இன்றுவரை வாயே ரெபோக்காரர்கள் மரநாய் இறைச்சியைத் தொடுவதில்லை. காப்பித் தோட்டத்தில் பழம் தின்ன மரநாய்கள் வரும். விரட்டுவார்களே தவிரத் தின்ன மாட்டார்கள்.

கத்தோலிக்கர்கள் என்கிறார்கள், படையல் வைக்கிறார்கள் என்றும் சொல்கிறீர்கள். இரண்டில் எது சரி?

இரண்டும். இந்தோனேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாடு என்றாலும் ஃப்ளோரெஸ் கத்தோலிக்கத் தீவு. வாயே ரெபோவிலும் ஞானஸ்நானம், திருமணம், கிறிஸ்துமஸ் எல்லாம் உண்டு. கூடவே மோரி க்ராயெங் என்று மங்கராய் மொழியில் அழைக்கப்படும் மேலான கடவுளையும் முன்னோர்களையும் நோக்கிச் சேவல் அறுத்துச் செய்யும் சடங்கும் உண்டு. அறுத்த சேவலின் குடலைப் பார்த்துக் குறி அறிவது பெரியவர்களின் வேலை. தேவாலயமும் இதோடு பெருமளவு ஒத்துப் போய்விட்டது. மோரி க்ராயெங் என்ற பெயரையே மங்கராய்க் கத்தோலிக்கர்கள் ஜெபத்திலும் சொல்கிறார்கள். ஒரே மனிதர் காலையில் ஜெபமாலை உருட்டிவிட்டு மாலையில் முரசு வீட்டில் முன்னோரை அழைப்பதில் அங்கே யாருக்கும் முரண் தெரிவதில்லை.

பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்? சுற்றுலா வருமானம் மட்டும்தானா?

காப்பிதான் முதல். இந்த உயரமும் குளிரும் அராபிகாவுக்கு ஏற்றவை, ரொபஸ்டாவும் பயிரிடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் போனால் வீட்டு முற்றங்களில் பாய்பாயாகக் கொட்டை காய்வதையும், பெண்கள் மர உரலில் உலக்கை மாற்றி மாற்றிக் குத்தித் தோல் நீக்குவதையும், பிறகு முறத்தில் புடைப்பதையும் பார்க்கலாம். குத்திப் புடைத்த கொட்டையை மூட்டையாகக் கட்டி முதுகிலோ தோளிலோ சுமந்து மலையிறங்கி விற்க வேண்டும். திரும்பி வரும்போது அரிசி, உப்பு, சோப்பு, எண்ணெய் எல்லாம் அதே தோளில் மேலே ஏறுகின்றன. மரவள்ளியும் சேம்பும் காய்கறியும் மேலே விளைகின்றன. அன்றாடச் சோற்றுக்கான அரிசி பெரும்பாலும் கீழிருந்துதான். உங்கள் தட்டில் விழும் ஒவ்வொரு பிடி சோறும் யாரோ சுமந்து ஏறியது என்பதை நினைவில் வையுங்கள், மிச்சம் வைக்காதீர்கள்.

பெண்கள் இடுப்புத் தறியில் 'சொங்கே' துணி நெய்கிறார்கள். பாவின் ஒரு முனையைச் சட்டத்தில் கட்டி, மறுமுனையைத் தம் இடுப்புப் பட்டையில் மாட்டி, கால் நீட்டி உட்கார்ந்து நெய்யும் முறை. உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் நூல் இறுகும், முன்னுக்கு வந்தால் தளரும். ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகிறது. பேரம் பேசத் தோன்றினால் அந்த முதுகை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மங்கராயில் வயலைச் சிலந்திவலை மாதிரி வெட்டுவார்கள் என்று படித்தேன். வாயே ரெபோவில் அதைப் பார்க்கலாமா?

படங்களில் வரும் பெரிய சிலந்திவலை நெல்வயல்கள் ரூத்தெங்குக்கு மேற்கே சஞ்சார் என்ற ஊரில் இருக்கின்றன. தீவின் மேற்கு முனையில் உள்ள துறைமுக நகரான லபுவான் பாஜோவுக்குச் செல்லும் சாலையில் போகும்போது சிறு குன்று ஒன்றில் ஏறிப் பார்க்கலாம். ஆனால் அதன் அடிப்படை மங்கராய் முழுவதற்கும் பொது. ஊருக்குச் சொந்தமான நிலத்தொகுதியை 'லிங்கோ' என்பார்கள். அதன் மையத்தில் ஒரு முளையை அடித்து, அங்கிருந்து வெளிநோக்கி ஆரக்கோடுகளாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஓர் ஆப்பு வடிவத் துண்டு என்று பங்கு போடுகிறார்கள். மையத்தில் விரல் கணக்கில் அளக்கப்படும் பங்கு, விளிம்புக்குப் போகும்போது பரந்த வயலாகிவிடும். இதைப் பிரித்துக் கொடுக்கும் உரிமை 'துவா தேனோ' என்ற நிலத் தலைவருக்கு. ஊரின் பொதுத் தலைமை 'துவா கோலோ' என்பவருக்கு.

முரசு உள்ளே, நிலம் வெளியே என்று மங்கராயில் ஒரு பழமொழி உண்டு. முரசு வீடு இல்லாத ஊருக்கு லிங்கோ கிடையாது, லிங்கோ இல்லாத ஊருக்கு முரசு வீடு கிடையாது. வீட்டின் உட்கூரையில் நடுத்தூணிலிருந்து விரியும் கம்புகளையும் வயலின் ஆரக்கோடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை.

மாமன் மகளைக் கட்டும் வழக்கம் அங்கேயும் இருக்கிறதாமே?

இருக்கிறது. தாய்மாமன் மகள் முறைப்பெண். பெண் கொடுத்த குலத்தை 'அனாக் ரோனா' என்றும், பெண் எடுத்த குலத்தை 'அனாக் வினா' என்றும் சொல்வார்கள். கொடுத்தவர்களுக்கே மரியாதை அதிகம். எடுத்தவர்கள் பரியம் கொடுப்பதோடு, சாவு, வீடு கட்டுதல் என்று எல்லாக் காரியத்துக்கும் முறை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அத்தை மகள் அங்கே முறையாக மாட்டாள். அவளைக் கட்டினால் பெண் போகும் திசை தலைகீழாகிவிடும். கொடுத்தவன் எடுத்தவன் ஆகிவிடுவான். ஆகவே அது விலக்கப்பட்ட உறவு. சொந்த மாமன் மகளை மணப்பதற்குத் திருச்சபையும் ஆட்சேபம் சொல்வதால், தூரத்து முறை உறவுகளில் சம்பந்தம் செய்வது வழக்கமாகி வருகிறது.

பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

மலைக்குக் கீழே. மேலே சொன்ன இரண்டு ஊர் ஏற்பாட்டின் முக்கியக் காரணமே இதுதான். பள்ளி வயது வந்ததும் குழந்தைகள் கீழே தங்கிப் படிக்கிறார்கள். தாயோ பாட்டியோ உடன் இருப்பார்கள். விடுமுறைக்கு மேலே வருவார்கள். அதனால்தான் சாதாரண நாளில் வாயே ரெபோவில் கைக்குழந்தைகளும் நடைபழகும் பிள்ளைகளும் தென்படுகிறார்கள், பத்து வயதுப் பிள்ளைகள் அதிகம் தென்படுவதில்லை.

எப்படிப் போவது?

பாலியின் டென்பசாரிலிருந்தோ ஜகார்த்தாவிலிருந்தோ லபுவான் பாஜோவுக்கு விமானம் இருக்கிறது. அங்கிருந்து டெங்கே என்ற கடைசி ஊருக்கு வண்டியில் ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். மலைப்பாதை, வளைவுக்கு வளைவு. ரூத்தெங்கில் ஓர் இரவு தங்கிப் போவது உடம்புக்கு நல்லது. 2003இல் குள்ள மனித இனத்தின் எலும்புகள் கிடைத்த லியாங் புவா குகையும் ரூத்தெங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டெங்கேக்கு முன்னால் கடலோரமாக வரும் டிந்தோரிலும் தங்கலாம். எதிரே முலெஸ் தீவு தெரியும்.

டெங்கேயிலிருந்து கொஞ்ச தூரம் மோட்டார் சைக்கிளில் ஏறி, பாதை முடியும் ஓடையருகே இறங்கி நடக்க வேண்டும். இரண்டு முதல் மூன்று மணி நேரக் காட்டுநடை. தொடக்கத்து ஏற்றம் மூச்சு வாங்கும், பிறகு பாதை சீராகிவிடும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா கிடைக்கும். கட்டணம் 5,00,000 ரூபியா.

ஊருக்குள் நுழைந்ததும் உடனே படம் எடுக்கலாமா?

கூடாது. ஊர் எல்லையில் ஒரு சிறு கூரைக் கொட்டகை இருக்கும். அங்கே தொங்கும் மூங்கில் தட்டையைத் தட்டி விருந்தினர் வந்திருப்பதை வழிகாட்டி அறிவிப்பார். அடுத்து நேராக முரசு வீட்டுக்குப் போக வேண்டும். குனிந்து நுழைந்து, பாயில் உட்கார்ந்தால், பெரியவர் ஒருவர் மங்கராய் மொழியில் முன்னோர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லி, தங்கியிருக்கும்போதும் திரும்பும்போதும் காக்கும்படி வேண்டுவார். இந்தச் சடங்குக்கு 'பாவு வாயே லுவு' என்று பெயர். ஒரு சிறு காணிக்கையைக் கொடுப்பது முறை. எவ்வளவு என்று வழிகாட்டியே சொல்வார்.

அது முடியும்வரை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். வந்தவர் இனி அயலார் இல்லை, ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளை என்பது அந்தச் சடங்கின் பொருள். அதை அவர்கள் உண்மையாகவே நினைத்துச் செய்கிறார்கள். அரைகுறை உடையோடு உள்ளே உட்காருவதும், பெரியவர் பேசும்போது கைபேசியை நோண்டுவதும் மனத்தைப் புண்படுத்தும்.

இரவு தங்க வசதி உண்டா? சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

விருந்தினருக்கென்று ஒதுக்கிய நியாங்கில் தங்கலாம். வட்டச் சுவரோரமாகத் தாழம்பாய்களும் தலையணையும் போர்வையும் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். எல்லோரும் நடுத்தூணைச் சுற்றிப் படுக்க வேண்டும். தனியறை கிடையாது. கழிப்பறையும் குளியலறையும் வெளியே இருக்கின்றன. தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மின்சாரத்தையும் கைபேசி அலையையும் நம்பிப் போகாதீர்கள். கம்பளிச் சட்டையும் கைவிளக்கும் அவசியம்.

சோறு, கீரை, காய், முட்டை, மிளகாய்ச் சாந்து ஆகியவைதான் வழக்கமான சாப்பாடு, கோழியும் இருக்கும். முன்கூட்டியே சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். ஆனால் ஊர்ச் சடங்கு நாளில் போனால் சேவலும் பன்றியும் கண்முன்னே அறுபடும். அதைத் தாங்க முடியாதவர்கள் வேறு நாள் பார்த்துப் போவது எல்லோருக்கும் நல்லது. காப்பி மட்டும் கேட்காமலே வரும், சர்க்கரை தாராளமாக.

எந்த மாதம் போகலாம்? பெந்தி திருவிழா பார்க்க வேண்டும் என்று ஆசை.

நடப்பதற்கு ஏற்றது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. நவம்பரில் மழை தொடங்கிவிடும், பாதை வழுக்கும், அட்டை கடிக்கும். ஆனால் பெந்தி நடப்பது நவம்பர் நடுவில்தான். அது மங்கராயரின் ஆண்டுப் பிறப்பு. கடந்த விளைச்சலுக்கு நன்றியும் வரும் விதைப்புக்கு வேண்டுதலும் சேர்ந்தது. நீரூற்றுக்கும் சோம்பாங்குக்கும் ஊர் வாசலுக்கும் ஊர்வலமாகப் போய்ப் படையல் வைப்பார்கள். இரவில் முரசும் கொங்கும் முழங்க வட்டமாக நின்று பாடுவார்கள். வெளியூர் போன உறவுகள் எல்லாம் அன்று மேலேறி வந்துவிடுவார்கள்.

பகலில் சாச்சி நடக்கும். இரண்டு ஆண்கள், மேலுடம்பில் துணியில்லாமல், தலையில் எருமைக் கொம்பு வடிவத் தோல் கவசம் அணிந்து மோதுவது. ஒருவன் கையில் எருமைத் தோல் சாட்டை, மற்றவன் கையில் தோல் கேடயம், பிறகு மாற்றிக்கொள்வார்கள். முகத்தில் அடி விழுந்தால் தோல்வி. முதுகில் விழும் தழும்பு பெருமை. அடிபட்டவன் வலியைக் காட்டாமல் பாட்டுப் பாடி ஆட வேண்டும், அடித்தவனும் பாடுவான். சிந்தும் ரத்தம் மண்ணுக்குக் காணிக்கை என்பது நம்பிக்கை. காட்டுமிராண்டித்தனம் என்று முகம் சுளிப்பவர்கள், ஆட்டம் முடிந்து இருவரும் அருகருகே உட்கார்ந்து பேசுவதையும் பார்க்க வேண்டும்.

வீடுகள் உண்மையிலேயே பழையவையா, சுற்றுலாவுக்காகக் கட்டியவையா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி; இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு காலத்தில் மங்கராய் முழுக்க இத்தகைய வட்ட வீடுகள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஆட்சி வந்ததும், பல குடும்பங்கள் புகைக்குள் சேர்ந்து வாழ்வது சுகாதாரக் கேடு என்று சொல்லி, தனித்தனிச் சிறு வீடுகளுக்கு மாறும்படி நெருக்கியது. சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசும் சாலையோரத்துக்கு இறங்கும்படியே சொல்லிக்கொண்டிருந்தது. தொலைவில், உயரத்தில் இருந்ததால் வாயே ரெபோ தப்பியது. தப்பினாலும் 2008 வாக்கில் ஏழில் நான்கு வீடுகளே நின்றன. அவற்றிலும் சில தள்ளாடிக்கொண்டிருந்தன. ஒரு நியாங் கட்ட மரமும் பிரம்பும் புல்லும் மலைபோல வேண்டும், சடங்குச் செலவும் சேரும். ஊருக்கு அந்த வசதி இல்லை.

அந்த ஆண்டு யோரி அந்தார் என்ற ஜகார்த்தாக் கட்டடக் கலைஞர் நண்பர்களோடு அங்கே போய்ச் சேர்ந்தார். நகரத்து நன்கொடையாளர்களிடம் பணம் திரட்டினார். வரைபடம் போட்டுக் கொடுத்து ஒப்பந்தக்காரரை அனுப்பாமல், கட்டும் பொறுப்பு முழுவதையும் ஊராரிடமே விட்டது அவர் செய்த பெரிய காரியம். பெரியவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் கட்டினார்கள். கட்டடக் கலை மாணவர்கள் பக்கத்தில் இருந்து அளந்து குறித்துக்கொண்டார்கள். காட்டிலிருந்து நடுத்தூண் மரத்தைக் கொண்டுவரும்போது மங்கராயில் அதை மணப்பெண்ணாகவே பாவித்து, 'மலையழகி' என்று அழைத்து, ஊர் வாசலில் எதிர்கொண்டு வரவேற்பார்கள். 2011க்குள் ஏழு வீடுகளும் எழுந்துவிட்டன.

எனவே மரத்தின் வயதைக் கேட்டால் பல வீடுகள் புதியவை. ஆனால் புல்லும் மூங்கிலும் என்றைக்கும் ஒரு தலைமுறைக்கு மேல் நின்றதில்லை. இந்த வீடுகள் எப்போதுமே மறுபடி மறுபடி கட்டப்பட்டவைதான். கட்டத் தெரிந்த கைகள் ஊரில் இருக்கும்வரை வீடு பழையதே என்பது என் கருத்து. அந்தக் கைகள் இல்லாமல் போகும் நேரத்தில் அந்த வேலை நடந்தது.

அப்படியானால் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமா?

இல்லை. பல விளம்பரங்கள் அப்படி எழுதுகின்றன; தவறு. 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் உயரிய பிரிவான மேன்மை விருது இந்த மறுகட்டுமானத்துக்குக் கிடைத்தது. உலக மரபுப் பட்டியல் வேறு, இது வேறு. 2013இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் இறுதிப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. செய்த வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்பதால், பட்டியலில் சேர்வதைவிட இது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

நாம் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது?

ஊர் அமைப்பு ஒன்று மொத்தமாக வாங்குகிறது. இரவு தங்கினால் ஆளுக்கு 3,25,000 ரூபியா, பகலிலேயே திரும்பினால் 2,25,000 ரூபியா என்ற விகிதம் பல ஆண்டுகள் நடப்பில் இருந்தது. போகும்முன் இப்போதைய தொகையை விசாரித்துக்கொள்ளுங்கள். சமையலும் உபசரிப்பும் குடும்பங்களுக்கு முறை வைத்து வருகின்றன. வீட்டுப் பராமரிப்பும் அதிலிருந்தே. காப்பித்தூளும் சொங்கேயும் வாங்கினால் அந்தப் பணம் நேரடியாக அந்தந்தக் குடும்பத்துக்குப் போகும்.

பிள்ளைகளுக்கு மிட்டாய், பணம் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அன்போடு கொடுக்கும் மிட்டாய் நாளடைவில் கையேந்தக் கற்றுக்கொடுக்கிறது. புத்தகம், நோட்டு, பேனா ஏதாவது கொண்டுபோனால் பெரியவர்களிடம் ஒப்படையுங்கள். அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள்.

சுற்றுலாப் பயணிகள் இப்படிக் குவிந்தால் ஊர் கெட்டுவிடாதா?

கெடக்கூடிய இடங்கள் தெரிகின்றன. லபுவான் பாஜோவை அரசு பெரும் சுற்றுலா மையமாக வளர்த்து வருவதால் கூட்டம் கூடுகிறது. பிளாஸ்டிக் குப்பை மலையேறுகிறது. அதை இறக்க வண்டி கிடையாது. முற்றத்தில் அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் செய்யக்கூடியது எளிது: கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது, நீண்ட விடுமுறை நாட்களைத் தவிர்ப்பது, கேட்காமல் யாரையும் படம் எடுக்காமல் இருப்பது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காப்பி விலை விழும் ஆண்டில் விருந்தினர் பணம்தான் கைகொடுக்கிறது. பிழைப்பு தேடி வெளியூர் போயிருக்கக்கூடிய இளைஞர்களில் சிலர் வழிகாட்டியாகவும் சமையல்காரராகவும் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இருந்தால்தான் அடுத்த முறை கூரை வேய ஆள் இருக்கும்.

கடைசியாக ஒன்று. நாம் ரசிப்பதற்காக அவர்களை ரோடு இல்லாமல், வசதி இல்லாமல் வைத்திருப்பது நியாயமா?

கேள்வியில் இருக்கும் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. 'வைத்திருப்பது' என்ற சொல் மட்டும் பிடிக்கவில்லை. அவர்களை அங்கே யாரும் வைத்திருக்கவில்லை. இறங்கிவா என்று இரண்டு அரசுகள் சொல்லியும் மேலேயும் ஒரு காலை ஊன்றிக்கொண்டவர்கள் அவர்கள். கோம்போவில் தகரக் கூரை வீடும் உண்டு, மோட்டார் சைக்கிளும் உண்டு, கைபேசியும் உண்டு. காலம் உறைந்த கிராமம் என்று எழுதுகிறவர்கள் மலையடிவாரத்தைப் பார்க்காமல் எழுதுகிறார்கள்.

அதற்காகக் கஷ்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரசவ வலி எடுத்த பெண்ணையோ நோயாளியையோ அந்தப் பாதையில் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மூட்டை சுமப்பவர்களின் முழங்கால் என்ன பாடுபடும் என்று ஒருமுறை ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். பாதையைச் சீராக்குவதும், மேலே மருத்துவ வசதி வருவதும், காப்பிக்கு நல்ல விலை கிடைப்பதும் அவர்களுடைய உரிமை. சாலை ஊர் வாசல்வரை வர வேண்டுமா, காட்டோரத்தில் நிற்க வேண்டுமா என்பதை முரசு வீட்டில் கூடி அவர்கள் முடிவு செய்யட்டும். சாலை வந்தால் நம் படங்களின் அழகு குறையும் என்பது அந்தக் கூட்டத்தில் எடுபட வேண்டிய வாதமே இல்லை.